ஒரு விலங்குக்கு ஐந்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்கத்தாவின் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஆட்டுக்கறிக் கடை முன்னால் பையோடு ஒரு கூட்டம் நிற்கும். தோலுரித்த ஆடு கொக்கியில் தொங்கும். இரண்டடி தள்ளிக் கட்டியிருக்கும் இன்னொன்று பலாத்தழையை மென்றுகொண்டிருக்கும். வரிசையில் நிற்பவருக்குத் தொடைக்கறி தீர்ந்துவிடுமோ என்ற கவலை.

ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னோர் ஆட்டை அறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001-ல் வந்த இறைச்சிக்கூட விதிகளில் அது இருக்கிறது. சினையாக இருப்பதையும் மூன்று மாதம் நிரம்பாத குட்டியையும் அறுக்கக் கூடாது. அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் சோதிக்க வேண்டும்; ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. கணக்குப் போட்டால் ஒரு விலங்குக்கு ஐந்து நிமிடம். தினம் 10 அல்லது அதற்கு மேல் அறுக்கும் இடம்தான் ‘கூடம்’ என்பது விதியின் வரையறை. மாநகராட்சியின் டாங்ரா கூடம் அதற்குள் வரும். பலாத்தழை மெல்லும் ஆடு வெளியே நிற்கிறது.

விலங்குகள் படும் பாட்டைக் கண்காணிப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியர் 1861-ல் இங்கேதான் இந்தியாவின் முதல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார். தாங்க முடியாத பாரம் இழுத்த வண்டிமாடுகள் அன்றைய பெரிய கவலை. அவரது நினைவுத் தூண் ரைட்டர்ஸ் பில்டிங் எதிரே இன்றும் நிற்கிறது. பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மாட்டுவண்டியாவது நடுத்தெருவில் போனது, யாரும் பார்க்கலாம். கூடத்தில் நடப்பது சுவருக்குள் நடக்கிறது.

இங்கிலாந்தில் அந்தச் சுவருக்குள் முதலில் போனது திருட்டுக் கேமராதான். அனிமல் எய்டு என்ற அமைப்பு ஒளித்துவைத்த கேமராவில், எசெக்ஸில் ஒரு கூடத்து ஆட்கள் பன்றிகளைச் சிகரெட்டால் சுட்டது பதிவானது. 2011-ல் அது வெளியே வந்தது. இருவர் சிறைக்குப் போனார்கள். 2018 மே மாதம் கேமரா கட்டாயமானது. வண்டியிலிருந்து இறக்கும் இடம், பட்டி, மயக்கும் இடம், அறுக்கும் இடம் என்று உயிரோடு விலங்கு நிற்கும் எல்லா இடத்திலும் வேண்டும். பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். அரசுக் கால்நடை மருத்துவர் கேட்டால் மறுக்க முடியாது. 2021-ல் ஸ்காட்லாந்தும் 2022-ல் ஸ்பெயினும் பின்தொடர்ந்தன.

அதே 2018-ன் ஏப்ரல், மே மாதங்களில் கொல்கத்தாவும் இறைச்சியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. பஜ்பஜ் குப்பைமேட்டில் வீசப்பட்ட செத்த விலங்குகளின் கறி உணவகங்களுக்குப் போன ‘பாகாட்’ விவகாரம் அப்போதுதான் வெடித்தது. ராஜாபஜார் குளிர்பதனக் கிடங்கில் டன் கணக்கில் கறி பிடிபட்டது. ஊரே மட்டனை விட்டு மீனுக்குத் தாவியது. தட்டில் விழுந்தது என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். உயிரோடு இருந்தபோது அந்த விலங்கு என்ன பட்டது என்ற கேள்விக்கு அந்தக் கூச்சலில் இடமில்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. வயிற்றைக் கலக்கினால்தானே நமக்கெல்லாம் கோபம் வரும்.

2001 விதிகளில் கேமரா என்ற சொல்லே கிடையாது. நாளையே சேர்த்தாலும் சென்னைப் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்கும் டாங்ராவுக்கும் ஒரே சிக்கல்தான். பதிவை உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் பொருத்தமானவர் கால்நடை மருத்துவர். அவருக்கோ ஏற்கெனவே நாளுக்கு 96, எட்டு மணி நேரம்.