லீவர் சொன்னது கியர்பொக்ஸுக்குக் கேட்டதா?

பழைய வான் – 9

"ஓட்டோ கியர் போய்விட்டது. மனுவலுக்கு மாற்றிவிடுங்கள்." பழைய ஹையேஸ் வான் வைத்திருப்பவர் எங்கள் கராஜ்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாண வீட்டாரையும் ஏற்றி இறக்கியவை 'டொல்பின்' என்று நாம் அழைக்கும் தொண்ணூறுகளின் ஹையேஸ் வான்கள். அப்படி உழைத்த வண்டியின் கியர்பொக்ஸை, குற்றம் அதில்தானா என்று பாராமலே இறக்குவது அநியாயம்.

லீவரிலிருந்து ஒரு கேபிளோ கம்பியோ புறப்பட்டு, கியர்பொக்ஸின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன இரும்புக் கையை அசைக்கிறது. அந்தக் கை உள்ளேயிருக்கும் வால்வை நகர்த்தி, எந்தக் கிளச்சுக்கு ஒயில் போவது என்று தீர்மானிக்கிறது. லீவருக்கும் இந்தக் கைக்கும் நடுவில் நேரும் பிசகுக்குத்தான் பல வேளை கியர்பொக்ஸ் பழி சுமக்கிறது.

லீவர் 'பி'யை விட்டு அசைய மறுக்கிறதா? பிரேக் மிதித்தால்தான் விடும் பூட்டு உங்கள் வானில் இருந்தால், ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பிரேக்கை மிதியுங்கள். பிரேக் லைற் எரியாவிட்டால் பியூஸையும் மிதியின் மேலே உள்ள சுவிட்சையும் பாருங்கள். பூட்டுக்குத் தகவல் போவதும் அந்தச் சுவிட்சிலிருந்துதான். லைற் எரிந்தும் லீவர் அடியில் 'டிக்' என்ற சத்தம் வராவிட்டால் பூட்டின் சொலினோய்ட் அல்லது அதன் வயர். சரிவில் நிறுத்திய வான் மட்டும் இப்படி முரண்டு பிடித்தால் கோளாறு எதுவுமில்லை. முழுப் பாரமும் 'பி'யின் கொக்கியில் தொங்குகிறது. ஹேண்ட் பிரேக்கை முதலில் இழுத்துவிட்டு 'பி'க்குப் போகும் பழக்கம் போதும்.

'என்'னில் ஸ்டார்ட் ஆகிற வான் 'பி'யில் ஆகவில்லை என்றால், திறப்பைத் திருப்பியபடியே லீவரை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் ஸ்டார்ட் ஆனால், கேபிளோ கியர்பொக்ஸ் பக்கத்திலுள்ள ஸ்டார்ட் சுவிட்சோ இடம் பிசகியிருக்கிறது. ரிவர்ஸ் லைற்றும் இதே சுவிட்சிலிருந்துதான் எரிகிறது. அதுவும் விட்டுவிட்டு எரிந்தால் சந்தேகத்துக்கு வலு கூடும்.

லீவர் படிப்படியாக விழாமல் தொளதொளவென்று ஆடினால் கீழே போய்த்தான் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். 'பி'யிலிருந்து லீவரை எடுக்கப் போகிறோம் என்பதால் கட்டை இல்லாமல் யாரும் வானின் அடியில் தலை நீட்டக் கூடாது. மேலே ஒருவர் லீவரை நகர்த்த, கீழே இருப்பவர் டோர்ச் அடித்து அந்த இரும்புக் கையைப் பார்க்கட்டும். லீவர் நகர்ந்து கை சும்மா இருந்தால், கேபிள் முனையில் நைலோன் புஷ் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெயிலும் எஞ்சின் சூடும் பட்டு அது பிஸ்கட் போல உதிர்ந்திருக்கும். புஷ்ஷை மாற்றினால் வேலை முடிந்தது.

கை அசைந்தும் படி பொருந்தாவிட்டால் கேபிளை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். நட்டைத் தளர்த்தி, கையை 'பி' பக்கம் முடிவுவரை தள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு படி திரும்பினால் 'என்'. படி விழுவது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். மேலே லீவரையும் 'என்'னில் வைத்து, ஒருவர் அதை 'ஆர்' பக்கமாக இலேசாக அழுத்திப் பிடித்திருக்க, நட்டை இறுக்குங்கள். அந்த இலேசான அழுத்தம் கேபிளின் தளர்வை எடுத்துவிடும். பலர் இதைச் செய்யாமல் இறுக்கிவிட்டு, அடுத்த வாரமே திரும்பி வருகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வான் இழுக்காவிட்டால் ஒயிலுக்கு வருவோம். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லாப் படியிலும் கொண்டுபோய் 'பி'க்குத் திரும்பிய பிறகே டிப் ஸ்டிக்கை இழுக்க வேண்டும். அளவு சரி என்றால், ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்து 'என்'னிலிருந்து 'டி'க்குத் தள்ளி, வான் குலுங்கும்வரை நேரம் பாருங்கள். டொயோட்டா சொல்லும் கணக்கு 1.2 செக்கனுக்குள், 'ஆர்'க்கு 1.5 செக்கனுக்குள். அதற்கு மேல் இழுபட்டால் ஒயில் அழுத்தமோ கிளச்சோ காரணமாக இருக்கும். அடுத்த வாரம் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)