கண்டது 2000-இல், கைக்கு வந்தது 2016-இல்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் டீக்கடையில் இந்தப் பேச்சு கிளம்பும்: எண்ணெய்க் கம்பெனிகள் புது வயல்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருக்கின்றன. அதையும் செய்யக்கூடியவர்கள்தான். ஆனால் கஜகஸ்தானின் காஷகான் வயலில் நடந்தது வேறு.

காஸ்பியன் கடலின் வடக்கில் 2000-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். 1968-இல் அலாஸ்காவில் கிடைத்த புரூடோ பே வயலுக்குப் பிறகு இவ்வளவு பெரிய வயல்கள் அபூர்வம். எனி, ஷெல், எக்ஸான்மொபில், டோட்டல் என்று பெரிய தலைகள் கூட்டுச் சேர்ந்தன. 2005-இல் எண்ணெய் வந்துவிடும் என்றார்கள்.

கடல் அங்கே மூன்று, நான்கு மீட்டர் ஆழம்தான். சௌகரியம் போலத் தோன்றும், அதுதான் வம்பே. வழக்கமான மிதக்கும் துளையிடும் மேடை அங்கே மிதக்காது. குளிர்காலத்தில் கடல் உறைந்து, காற்று தள்ளும் பனிப்பாளங்கள் தரையை உழுதுகொண்டு நகரும். ஆகவே கல்லைக் கொட்டித் தீவுகளையே எழுப்பினார்கள். எண்ணெய் இருப்பதோ 4 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் அழுத்தத்தில். கூட வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு சுமார் 15 சதவீதம். காற்றில் 0.1 சதவீதம் கலந்தாலே ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார்.

ஒருவழியாக 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. சில வாரங்களுக்குள் குழாயில் கசிவு. ஹைட்ரஜன் சல்பைடு ஈரத்தோடு சேர்ந்து எஃகை அரிக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் உலோகத்துக்குள் புகுந்துகொள்ளும். வெல்டிங் சூட்டில் இறுகிப்போன இடங்களில் எஃகுக்கு வளைந்துகொடுக்கும் குணம் குறைவு. அழுத்தம் ஏறியதும் அங்கேதான் விரிசல் விடும். எண்ணெய்க்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று போட்டிருந்த குழாய்கள், சுமார் 200 கிலோமீட்டர், மொத்தத்தையும் மாற்றினார்கள். மறுபடி எண்ணெய் வந்தது 2016 அக்டோபரில்.

அதற்குள் செலவு 5,000 கோடி டாலரைத் தொட்டிருந்தது. 2013-இல் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016-இல் 50 டாலர்! புது வயலில் பணம் போடுகிறவர்கள் தயங்குவது இதற்குத்தான். இன்றைய விலை அவர்களுக்குப் பிரயோசனமில்லை; பத்து வருஷம் கழித்து என்ன விலை என்பதை இன்றே ஊகித்தாக வேண்டும். விலை சரிந்துவிட்டது என்று பாதித் தீவோடு வேலையை நிறுத்தவும் முடியாது, போட்ட பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

டெக்சாஸின் ஷேல் பாறைக் கிணறுகள் பக்கம் முதலீடு சாய்ந்ததில் ஆச்சரியமில்லை. அவை முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும். இருந்தாலும் தோண்டிய சில மாதங்களில் எண்ணெய் வரும். விலை விழுந்தால் அடுத்த கிணற்றைத் தோண்டாமல் விட்டுவிடலாம்.