மின்கம்பியில் கிடந்த எல்லைக்கோடு

2018 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஐரோப்பாவின் 25 நாடுகளில் சமையலறை அடுப்பு, மைக்ரோவேவ், படுக்கையோர ரேடியோ ஆகியவற்றில் இருந்த கடிகாரங்கள் ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்தங்கியிருந்தன. பழுது கடிகாரங்களில் இல்லை. பால்கன் பகுதியில் கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் இருந்த தகராறுதான் காரணம். கொசோவோ 2008இல் தன்னைத் தனி நாடாக அறிவித்தது, செர்பியா இன்றுவரை அதை ஏற்கவில்லை. கொசோவோவில் மின் உற்பத்தி குறைந்தபோது, அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுவது யார் என்று இரு தரப்பும் இழுபறியில் நின்றன. அதற்குள் 11.3 கோடி யூனிட் மின்சாரம் துண்டு விழுந்துவிட்டது. மின்தொகுப்பின் சராசரி அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து 49.996 ஆக இறங்கியது. அந்த வகைக் கடிகாரம் மின்சாரத்தின் துடிப்பை எண்ணியே ஓடுகிறது. ஐம்பது துடிப்பு வந்தால் ஒரு நொடி. துடிப்பு தளர்ந்தால் நேரமும் தளரும்.

ஒரு நாட்டை நாடாக ஏற்பதா இல்லையா என்ற சண்டை, போர்ச்சுகல் வீட்டு அடுப்பு வரை போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. மாறுதிசை மின்சாரத்தில் இணைந்த தொகுப்புக்கு அப்படி ஓர் இயல்பு உண்டு. அதிலுள்ள அனல், அணு, புனல் மின்நிலையங்களின் ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப் போல ஒரே நடையில்தான் சுழல முடியும். மின் பயன்பாடு கூடி உற்பத்தி குறைந்தால் எல்லாம் சேர்ந்து மெதுவாகும். உற்பத்தி மிஞ்சினால் எல்லாம் சேர்ந்து வேகமெடுக்கும். யாராவது ஒருவர் நொடிக்கு நொடி அதைக் கவனித்து நேராக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பது சாதாரண விஷயமல்ல.

எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று பால்டிக் நாடுகளுக்கும் அவர் மாஸ்கோவில் உட்கார்ந்திருந்தார். 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டு, 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்ந்து, பின்னர் யூரோ நாணயத்தையும் ஏற்ற பிறகும், அவர்களின் விளக்குகளுக்கு வந்த ஐம்பது துடிப்பை நிர்வகித்தது ரஷ்யத் தலைநகரின் கட்டுப்பாட்டு மையம். இதற்கான ஒப்பந்தம் ரஷ்யா, பெலாரஸுடன் 2001இல் போடப்பட்டது. உக்ரைன் போர் தொடங்கிய பின், 2022 மே மாதத்தோடு ரஷ்ய மின்சாரம் வாங்குவதே நின்றது. ஒரு யூனிட்கூட வாங்கவில்லை, ஆனால் துடிப்பு மட்டும் அங்கிருந்தே வந்தது.

இந்த மக்களின் தேசிய உணர்வுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. லாத்வியாவின் தௌகாவா ஆற்றின் குறுக்கே இன்னொரு நீர்மின் அணை கட்ட மாஸ்கோ திட்டமிட்டிருந்தது. 1986இல் தைனிஸ் ஈவான்ஸ் என்ற பத்திரிகையாளர் ஆர்த்தூர்ஸ் ஸ்னிப்ஸுடன் சேர்ந்து அதை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார். லாத்வியர்களுக்கு அந்த ஆறு தாய் மாதிரி. கடிதங்கள் குவிந்தன, 1987இல் திட்டம் கைவிடப்பட்டது. மாஸ்கோவின் முடிவை மாற்ற முடியும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. மறு ஆண்டு உருவான லாத்விய மக்கள் முன்னணிக்கு அதே ஈவான்ஸ்தான் தலைவரானார். லித்துவேனியாவில் 1988இல், செர்னோபில் வகையைச் சேர்ந்த இக்னலினா அணுமின் நிலையத்தைச் சுற்றி மக்கள் கைகோத்து வளையமாக நின்றார்கள். பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான நிபந்தனையாகவே அந்த நிலையத்தை மூட வேண்டியிருந்தது. 2009 டிசம்பர் 31 அன்று கடைசி உலையும் நின்றது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தந்த நிலையம் அது. ஐரோப்பாவோடு சேர்வதற்குக் கொடுத்த விலை, சில ஆண்டுகளுக்கு ரஷ்ய மின்சாரத்தை இன்னும் அதிகமாக நம்ப வைத்தது.

அதற்கு மாற்றாகக் கடலடியில் கேபிள்கள் வந்தன, பின்லாந்துக்கு இரண்டு, சுவீடனுக்கு ஒன்று. ஆனால் அவை நேர்திசை மின்சாரம் கொண்டுபோகும் கேபிள்கள். அவற்றின் வழியாகச் சரக்கு வரும், துடிப்பு வராது. துடிப்பைப் பெற மாறுதிசைக் கம்பியால் நேரடியாகக் கோக்க வேண்டும். அப்படிக் கோக்க ஒரே நிலவழிதான் இருந்தது, லித்துவேனியாவின் அலீத்துஸிலிருந்து போலந்துக்கு.

இதற்கான அரசியல் உடன்பாடு 2018இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தானது. அதன்பின் பொறியாளர்களின் காலம். பெரிய தொகுப்பில் ஆயிரக்கணக்கான டன் இரும்பு சுழல்வதால், எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றாலும் மற்றவற்றின் சுழல்வேகம் சில நொடி தாங்கிக்கொள்ளும். அந்தச் சில நொடியில்தான் மாற்று ஏற்பாடு நடக்கும். மூன்று சின்ன நாடுகளுக்கு அந்தக் கனம் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் மூன்று ராட்சத இயந்திரங்களை நிறுவியது. அவை எரிபொருள் எதையும் எரிப்பதில்லை, மின்சாரம் உற்பத்தி செய்வதும் இல்லை. தொகுப்போடு சேர்ந்து சும்மா சுழலும். துடிப்பு தளரும் கணத்தில் தம் சுழற்சியில் சேர்த்து வைத்த ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும். கனத்துக்காகவே செய்யப்பட்ட இயந்திரங்கள்! இந்த முழுத் திட்டத்துக்கும் ஆன செலவு ஏறத்தாழ 160 கோடி யூரோ, பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம்.

2025 பிப்ரவரி 8 காலை ரஷ்யா, பெலாரஸ் பக்கத்துக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. அன்றிலிருந்து மறுநாள் பிற்பகல் வரை மூன்று நாடுகளும் யாருடைய துடிப்போடும் ஒட்டாமல், தங்கள் துடிப்பைத் தாங்களே காத்துக்கொண்டன. மின்வெட்டு வரவில்லை.

மறுநாள் செய்ய வேண்டியது நுட்பமான வேலை. தனித்தனியே ஓடும் இரண்டு தொகுப்புகளைச் சேர்க்க அழுத்தமும் அதிர்வெண்ணும் ஒத்திருந்தால் போதாது, அலைகள் ஏறி இறங்கும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்நிலையங்களில் இதற்கென முள் சுற்றும் ஒரு கருவி உண்டு. வேக வித்தியாசம் இருக்கும்வரை முள் சுற்றிக்கொண்டே இருக்கும். வித்தியாசம் குறையக் குறைய அது மெதுவாகி, உச்சியில் பன்னிரண்டு மணி நிலைக்கு வரும்போது சுவிட்சை மூட வேண்டும். தவறான கணத்தில் மூடினால் பாயும் மின்னோட்டம் இயந்திரங்களையே முறுக்கிச் சிதைத்துவிடும். பிப்ரவரி 9 பிற்பகல் இரண்டு மணிவாக்கில் அலீத்துஸ் வழியாக அந்த இணைப்பு பிசகின்றி நடந்தது.

உக்ரைனுக்கு இந்த நிதானம் வாய்க்கவில்லை. தனித்து ஓடிப் பார்க்கும் சோதனைக்காக அது ரஷ்யத் தொகுப்பிலிருந்து பிரிந்தது 2022 பிப்ரவரி 24 நள்ளிரவுக்குப் பின். சில மணி நேரத்தில் படையெடுப்பு தொடங்கிவிட்டது. மூன்று நாள் சோதனை என்று திட்டமிட்டது குண்டுவீச்சுக்கு நடுவே மூன்று வாரம் நீண்டது. மார்ச் 16 அன்று மால்டோவாவுடன் சேர்த்து ஐரோப்பியத் தொகுப்பு அதை ஏற்றுக்கொண்டது. ஓராண்டுக்குப் பின் முடிக்க வைத்திருந்த வேலை அது.

துடிப்பில் முழுத் தற்சார்பாக இந்த நாடுகள் நின்றது ஒரு நாளோ சில வாரமோதான். அதற்குமேல் தனித்து நிற்க அவை விரும்பவும் இல்லை. யாரோடு சேர்ந்து துடிப்பது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையைத்தான் அவை கேட்டன. அந்த உரிமையைக் காப்பதும் எளிதல்ல. 2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்து கேபிள்களில் ஒன்று அறுந்தது. நங்கூரத்தை இழுத்துச் சென்றதாகச் சந்தேகிக்கப்பட்ட எண்ணெய்க் கப்பலைப் பின்லாந்து பிடித்து வைத்தது. மற்ற கேபிளுக்குக் காவலாக எஸ்தோனியா கடற்படையை அனுப்பியது. போலந்துக்கு இரண்டாவது இணைப்பு ஒன்றும் திட்டத்தில் இருக்கிறது. முதலில் அதைக் கடலுக்கடியில் போடுவதாக இருந்தார்கள். இப்போது நிலத்தின் வழியாகவே கொண்டுபோக முடிவு செய்திருக்கிறார்கள்.