இல்லமே அலுவலகம்

அலுவலகம் என்றால் காலையில் பஸ் பிடித்துப் போய், மாலையில் களைத்துத் திரும்பும் இடம் என்றே நாம் எண்ணியிருந்தோம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும், பொறியாளர்களும் கணக்கர்களும் ஏன், நம் ஆசிரியைகளும்கூட வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்து பணியாற்றக் கண்டோம். பலரும் இதைப் புதுமை என்றனர். ஆனால் இன்டர்நெட் என்ற பேச்சே இல்லாத காலத்தில், இங்கிலாந்தில் ஒரு பெண்மணி இதை நடத்திக் காட்டினார்.

அவர் ஸ்டெஃபனி ஷெர்லி அம்மையார். 1933இல் ஜெர்மனியில் பிறந்தவர். தந்தை யூதர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்ப, 1939இல் ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்றோரைப் பிரிந்து ரயிலேறி இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே வளர்ப்புப் பெற்றோர் கிடைத்தனர். கன்னியர் மடப் பள்ளியில் அவர் படித்தார் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி! பின்னர் சேர்ந்த பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பிக்கப்படாததால், அனுமதி பெற்று ஆண்கள் பள்ளிக்குச் சென்று பயின்றார்.

1962இல் ஆறு பவுன் முதலீட்டில் ஒரு கம்பெனி தொடங்கினார். கம்ப்யூட்டருக்கு வேண்டிய புரோகிராம்களை எழுதித் தருவதே தொழில். திருமணத்தாலோ பிள்ளைப்பேற்றாலோ வேலையை விட்ட படித்த பெண்களையே தேடிச் சேர்த்தார். வேலை கேட்டு வருவோரிடம், வீட்டில் தொலைபேசி வசதி உண்டா என்று விசாரிப்பாராம். ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதில் வராததால், கணவரின் யோசனைப்படி "ஸ்டீவ்" என்ற ஆண்பெயரில் எழுதலானார். பதில்கள் வந்தன.

வேலை நடந்தது எப்படி? பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தனர். பெண்கள் தம் வீட்டிலிருந்தே பென்சிலால் தாளில் எழுதித் தபாலில் அனுப்ப, அது வேறோரிடத்தில் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி துளையிடப்படும். சந்தேகம் எழுந்தால் தொலைபேசி. எத்தனை மணி நேரம் நாற்காலியில் இருந்தாய் என்று கேட்பவர் இல்லை. வேலை சரியாக முடிந்ததா என்பதே கணக்கு. இதற்கு வேண்டிய முதல் சாதனம் நம்பிக்கைதான். இன்று கருவிகள் மாறியுள்ளனவே தவிர, முறை பெரும்பாலும் இதுவே.

தொல்லைகளும் அன்றே இருந்தன. தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் சத்தம் கேட்காதிருக்க, டைப்ரைட்டர் ஓசையைப் பதிவு செய்த டேப்பை ஓடவிட்டார் ஷெர்லி அம்மையார்! சிரிப்பு வரலாம். ஆனால் தாய் என்பதையே ஒளிக்க வேண்டியிருந்ததே என்று எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. நம் வீடுகளில் வேறு விதம். "வீட்டில்தானே இருக்கிறாய், அரிசியைக் கொஞ்சம் களைந்து வை" என்று குரல் வரும். அண்ணன் வீட்டில் வேலை செய்தால் தேநீர் மேசைக்கு வருகிறது. அக்காள் செய்தால் தேநீர் போடும் வேலையும் அவளுக்கே. பெற்றோர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மடத்தில் மணியடித்தால் ஜெபம், மணியடித்தால் வேலை. வீட்டில் மணியடிக்க ஆளில்லை. ஆகவே தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் நாமே வகுத்து, வீட்டாருக்கும் சொல்லிவிடுவது நல்லது.

கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமை எழுதியவர்கள் இந்த இல்லத்தரசிகளே. முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். 1975இல் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. பெண்களுக்கென்றே நடந்த அந்த ஏற்பாடும் செல்லாமற்போக, ஆண்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார் "ஸ்டீவ்".