தகடூரின் அளவுகோல்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். சங்க காலத்தில் இவ்வூருக்காக ஒரு பெரும்போர் நடந்தது. காத்து நின்று மடிந்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. வென்றவன் சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை. ‘தகடூர் எறிந்த’ என்ற அடைமொழி அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இருவரும் கொடும் பகைவர்கள். ஆனால் தமிழர் நினைவில் இருவரும் நிற்பது ஒரே காரணத்தால்.

அதியமான் என்றதும் நெல்லிக்கனிதான். மலைப்பிளவில் ஏறிப் பறிப்பதற்கு அரிய கனி, நீண்ட ஆயுள் தருவது. அதன் பயனைச் சொல்லாமல் மனத்துக்குள் அடக்கிக்கொண்டு ஔவைக்குக் கொடுத்துவிட்டான். இரும்பொறை என்றால் கவரி. முரசு வைக்கும் கட்டிலென்று அறியாமல் களைப்பில் ஏறிப் படுத்துவிட்டார் புலவர் மோசிகீரனார். வாளால் வெட்டத் தக்க குற்றம் அது. அரசன் வாளை எடுக்கவில்லை, அவர் எழும்வரை கவரி வீசினான். வென்றவனையும் தோற்றவனையும் தமிழ் அளந்த கோல் ஒன்றே: பெரியவன் தனக்குக் கீழுள்ளவரிடம் எப்படி நடந்தான்?

உலகம் முழுவதும் இதே கோல்தானா? ராபர்ட் ஹவுஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1990களில் தொடங்கிய ‘குளோப்’ ஆய்வு 62 சமூகங்களில் சுமார் 17,000 மேலாளர்களிடம், நல்ல தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டது. நேர்மை, தொலைநோக்கு, ஊக்கம் தருதல் ஆகியவை எல்லா இடத்திலும் வேண்டப்பட்டன. முரட்டுத்தனத்தையும் சர்வாதிகாரத்தையும் யாரும் விரும்பவில்லை. என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொரு பட்டியல். பேராவல், எச்சரிக்கை, ஏன், இரக்கம்கூட, ஓரிடத்தில் தலைவருக்கு அழகு, வேறிடத்தில் குறை. இரக்கமும் பெருந்தன்மையும் கொண்ட தலைமைக்கு இந்தியாவை உள்ளடக்கிய தெற்காசியத் தொகுதி உயர்ந்த மதிப்பளித்தது. வட ஐரோப்பிய நாடுகள் குறைவாகவே அளித்தன.

அக்கறை வேண்டும் என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட, எந்தச் செயல் அக்கறை என்பதில் பிரிந்துவிடுகிறார்கள். ஓர் ஊழியருக்கு வீட்டில் ஏதோ சிக்கல். அவர் இல்லாத நேரத்தில் மேற்பார்வையாளர் சக ஊழியர்களிடம் அதைப் பற்றிப் பேசுகிறார். பீட்டர் ஸ்மித்தும் ஜப்பானிய உளவியலாளர் ஜியூஜி மிசுமியும் மற்றவர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானியரும் ஹாங்காங் ஊழியரும் இதைப் பரிவு என்றார்கள். பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் பரிவற்ற செயல் என்றார்கள். செயல் ஒன்றுதான், பார்ப்பவர் மனத்தில் முன்பே இருக்கும் தலைவன் உருவம் வேறு.

நம் நாட்டு உருவத்தை ஆராய்ந்தவர் ஜே.பி.பி. சின்ஹா. 1980இல் வெளியான அவரது நூல், இந்தியப் பணியிடங்களில் பேணவும் வேலை வாங்கவும் தெரிந்த தலைவரே எடுபடுவார் என்றது. உழைப்பவருக்கே அந்தப் பரிவு கிடைக்கும். இரண்டில் ஒன்று போதாது. இதைப் படிக்கும்போது எனக்கு ஔவையின் அதியமான்தான் நினைவுக்கு வருகிறான். நீர்த்துறையில் ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைக் கழுவ அமைதியாகக் கிடக்கும் யானை அவன். பகைவருக்கோ அதே யானை மதம் கொண்டு நிற்கும். அவன் இறந்தபின் ஔவை அழும்போது எண்ணிப் பார்ப்பதும் உணவைத்தான்: கள் கொஞ்சமாயின் எமக்கே தருவான், மிகுதியாயின் நாங்கள் பாட உடனிருந்து உண்பான். எலும்போடு சேர்ந்த தசையை எமக்குக் கொடுத்துவிட்டு, அம்பும் வேலும் பாயும் இடத்தில் தான் போய் நிற்பான். தலைவன் முந்த வேண்டிய இடமும் பிந்த வேண்டிய இடமும் அந்தப் புலம்பலில் தெளிவாக இருக்கின்றன.

ஆனாலும் இவையெல்லாம் பரிசில் பெற்றவர்களின் சாட்சியம் என்பதை மறக்கக் கூடாது. அதியமானுக்காக வேல் பிடித்த படைவீரன் அவனைப் பற்றி என்ன நினைத்தான் என்பதைப் பாடல்கள் சொல்வதில்லை. எளியவர்களின் கணக்கு பின்னால் கல்லில் கிடைக்கிறது. தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளம். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் போன்ற அரசர் பெயர் அவற்றில் உண்டு, பெரும்பாலும் ஆட்சியாண்டைக் குறிப்பதற்காக. அதற்குப் பிறகே செய்தி வருகிறது: இன்னாருடைய சேவகன், ஆநிரை கவர்ந்தபோது மீட்கப் போய் மடிந்தான். கல்லின் நடுவில் வில்லும் வாளுமாக நிற்பவன் அரசன் அல்லன். மாட்டுக்காகச் செத்த அந்தச் சேவகன்.