மரத்தில் ஒரு பெயர்ப் புதிர்

குழந்தையின் பெயரை எழுத்தெழுத்தாகப் பலகையிலிருந்து அறுத்தெடுத்து, அதே குழிகளில் திரும்பப் பொருத்தி விளையாடும் மரப் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். இதன் மூதாதை ஒரு தேசப்படம். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படங்களைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பூகோளம் கற்பதற்காக விற்றார்.

வீட்டில் செய்ய, மெல்லிய பிளேடு பூட்டிய ஃப்ரெட் ரம்பம் போதும். மோட்டார் விசையால் பிளேடு மேலும் கீழும் ஓடும் ஸ்க்ரோல் ரம்பம் கிடைத்தால் வேலை சுலபம். கோட்டின் மேல் சிறு துளையிட்டு, பிளேடை அதனுள் நுழைத்துப் பூட்டவேண்டும். பற்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் வெட்டும் விசை பலகையை மேசையோடு அழுத்தும். தலைகீழாக மாட்டினால் பலகை துள்ளும்.

பிளேடைச் சுண்டிப் பாருங்கள். இறுக்க இறுக்கச் சுருதி உயரும். சுரமானியில் நீங்கள் படித்த விதிதான் இது: இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும். கணீரென்று ஒலிக்கும்வரை இறுக்குங்கள். தளர்ந்த பிளேடு வளைவுகளில் விலகி, வெட்டைச் சாய்த்துவிடும்.

பிளேடு செல்லும் தடத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் மரம் தூளாகிறது. எழுத்துக்கும் குழிக்கும் இடையிலுள்ள இடைவெளி அதுதான். மழைக்காலத்தில் மரம் உப்பினால் எழுத்து சிக்கிக்கொள்ளாதா? துளையுள்ள தகட்டைச் சூடாக்கினால் துளை சிறுக்குமா, பெருக்குமா என்று வகுப்பில் கேட்டால் பாதிப்பேர் 'சிறுக்கும்' என்பார்கள். உண்மையில் பெருக்கும், அவ்விடத்தில் உலோகம் இருந்தால் எவ்வளவு விரியுமோ, அவ்வளவு. மரத்திலும் அப்படியே. ஆனால் மரம் இழையின் குறுக்கே அதிகமாகவும் நீளவாட்டில் மிகக் குறைவாகவும் உப்பும். எழுத்தும் சட்டமும் ஒரே பலகையானால் இழையின் திசையும் ஒன்றே. இரண்டும் சேர்ந்தே உப்பும், இடைவெளி நிலைக்கும். எழுத்தைத் தேக்கிலும் சட்டத்தைப் பிளைவுட்டிலும் செய்தால்தான் தொல்லை. முதன்முறை செய்பவர்கள் எல்லாவற்றுக்கும் பிளைவுட்டையே எடுக்கலாம். அடுக்குகளின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அது அதிகம் உப்பாது. எழுத்தின் ஒடுங்கிய பகுதியும் எளிதில் பிளக்காது. மேலே 9 மி.மீ., அடியில் ஒட்ட 4 மி.மீ. போதும்.

தமிழ்ப் பெயருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'கண்ணன்' என்று எழுதி அறுத்தால் இரண்டு புள்ளிகளும் தனியே உதிரும். சுழிகளுக்குள் இருக்கும் மரமும் உதிரும். சிறு குழந்தை கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் அல்லவா? பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கும் துண்டு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது, தொண்டையை அடைத்துவிடும். புள்ளி அதற்குள் எளிதாக அடங்கிவிடும். ஆகவே எழுத்தையும் புள்ளியையும் ஒரே வெளிக்கோட்டுக்குள் வரைந்து ஒரே துண்டாக அறுங்கள். புள்ளியை வேறு நிறத்தால் காட்டலாம். சுழிகளைத் துளையிட்டு, வரும் துண்டுகளை உடனே குப்பையில் போடுங்கள். 'தா'வின் காலையும் 'செ'யின் கொம்பையும்கூடப் பிரிக்கவேண்டாம். பிரித்தால் குழந்தை அவற்றைத் தனி எழுத்தென்றே எண்ணும். எழுத்தின் உயரம் ஏழு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

விளிம்புகளை உப்புத்தாளால் தேயுங்கள். மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். வண்ணத்தை மேற்பரப்பில் மட்டும் பூசுங்கள். பக்கங்களில் பூசினால் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும். இந்தியாவில் 2016-இல் வகுத்த விதிப்படி, வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவை இதற்காக இறக்காதீர்கள்.