விலங்கை விற்று வாங்கிய பாடப் புத்தகம்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ளது நாஷ்வில் நகரம். டென்னசி மாநிலத்தின் தலைநகர். ஒரு காலத்தில் அங்கே மனிதர்களை விலைபேசி விற்றார்கள். விற்கும் வரை அவர்களை அடைத்து வைக்கக் கொட்டடி இருந்தது.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. கொட்டடியில் கைவிலங்குகளும் கால் சங்கிலிகளும் துருப்பிடித்துக் கிடந்தன.

அந்த இரும்பைப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். கிடைத்த காசில் வேதப் புத்தகங்களும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாடப் புத்தகங்களும் வாங்கினார்கள்!

அந்தப் புத்தகங்கள் போய்ச் சேர்ந்த பள்ளிக்கூடம்தான் இன்றைய பிஸ்க் பல்கலைக்கழகம். பெயர்தான் பல்கலைக்கழகம். உள்ளே போனால் அது ஒரு கலைக் கல்லூரி.

7 வயதும் 70 வயதும்

1866 ஜனவரி 9-ந் தேதி பள்ளி திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் வடக்குப் படையின் ஆஸ்பத்திரியாக இருந்த கொட்டகைகளே வகுப்பறைகள். அவற்றைப் பெற்றுத்தந்த தளபதி கிளிண்டன் பிஸ்க்கின் பெயரே பள்ளிக்கும் வந்தது.

தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றமாக இருந்தது. அப்படிப்பட்ட பூமியில் பள்ளிக்கூடம் என்றால் கேட்க வேண்டுமா? 7 வயதுக் குழந்தையும் வந்தது. 70 வயதுக் கிழவரும் வந்தார்.

"கறுப்பர்களுக்குக் கைத்தொழில் போதும்" என்று சொன்னவர்கள் பலர். பிஸ்க் கேட்கவில்லை. லத்தீன், கிரேக்கம், கணிதம் என்று உயர்ந்த படிப்பையே கொடுத்தது.

பாட்டுக்குப் புறப்பட்ட பிள்ளைகள்

படிப்பு உயர்ந்தது. பெட்டியில் பணம் இல்லை. கொட்டகைகள் உளுத்துப்போயின. கடன் கழுத்தை நெரித்தது.

பொக்கிஷதார் ஜார்ஜ் ஒயிட் ஒரு வெள்ளைக்காரர். பாட்டு வாத்தியாரும் அவரே. மாணவர்களை வடக்கே அழைத்துப் போய்ப் பாடவைத்துப் பணம் திரட்டலாம் என்றார். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் 1871 அக்டோபர் 6-ந் தேதி 9 பிள்ளைகளுடன் புறப்பட்டுவிட்டார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

எல்லா ஷெப்பர்டு என்ற பெண்ணைப் பாருங்கள். மகளை மீட்க அவளுடைய தகப்பனார் 350 டாலர் கொடுத்தார். தாயை விற்க எஜமானி மறுத்துவிட்டாள். சிறுமி தகப்பனாரோடு வளர்ந்தாள். சங்கீதம் படிக்க ஆசை. வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் ஒப்புக்கொண்டார். ஆனால் இரவில், பின்பக்கப் படிக்கட்டு வழியாக, யாருக்கும் தெரியாமல் வரவேண்டும் என்றார். அவளும் போனாள், படித்தாள். அந்தக் குழுவுக்குப் பியானோ வாசித்தவள் அவள்தான். போருக்குப் பிறகு தாயைத் தேடிக் கண்டுபிடித்து நாஷ்வில்லுக்கு அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டாள்.

பயணத்தின் தொடக்கம் கஷ்டம். ஓட்டல்களில் இடம் தர மறுத்தார்கள். வசூலும் சொற்பம். அந்தச் சமயம் சிகாகோ நகரம் தீப்பற்றி எரிந்தது. சின்சினாட்டி ஊரில் கிடைத்த வசூலை அப்படியே சிகாகோ மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 50 டாலர்கூட இல்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்ததே அதுதான்!

தங்கள் பெற்றோர் வயல்வெளியில் பாடிய பாட்டுகளை மேடையில் பாட முதலில் அவர்களுக்கு மனம் வரவில்லை. அவை துயரத்தில் பிறந்தவை, புனிதமானவை. நவம்பரில் ஓபர்லின் நகரில், பாதிரிமார்கள் கூடிய மாநாட்டில் அவற்றைப் பாடினார்கள். காலம் மாறியது. ஜனாதிபதி கிராண்ட் கேட்டார். 1873-ல் இங்கிலாந்து சென்றார்கள். விக்டோரியா மகாராணியும் கேட்டார்.

முதல் பயணத்தில் 20 ஆயிரம் டாலர் சேர்ந்தது. கல்லூரிக்கு நிலம் வாங்கினார்கள். 1876-ல் ஜூபிளி மாளிகை எழுந்தது. இன்றும் நிற்கிறது. பைபிளில், அடிமைகள் விடுதலை பெறும் ஆண்டுக்கு ஜூபிளி என்று பெயர். பாடகர் குழுவுக்கும் அதே பெயர்தான். ஆனால் ஓயாத பயணம் பலருடைய உடம்பைக் கெடுத்துவிட்டது. கட்டடத்தைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அடங்காத பிள்ளைகள்

கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் 1888-ல் இங்கே பட்டம் பெற்றார். 1924-ல் அவரே திரும்பி வந்து, மாணவர்களை அடக்கிவைத்த தலைவர் மெக்கென்சியைக் கண்டித்துப் பேசினார். மாணவர்கள் போராடினார்கள். 1925-ல் மெக்கென்சி ராஜினாமா செய்தார். ஆனாலும் கறுப்பர் ஒருவர் தலைவராக 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சார்லஸ் ஜான்சன்.

1960-ல் நாஷ்வில் கடைகளில் கறுப்பர்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அடித்தாலும் திருப்பி அடிக்கவில்லை. இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். நாகபுரியில் தங்கி, காந்தியடிகளின் வழியை அறிந்தவர்.

மாணவர்களுக்காக வாதாடிய வக்கீல் லூபியின் வீட்டில் ஏப்ரல் 19-ந் தேதி வெடிகுண்டு வீசப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போனார்கள். பிஸ்க் மாணவி டயான் நாஷ் மேயரை நேருக்கு நேர் நிறுத்தி, நிறத்தை வைத்து மனிதரை ஒதுக்குவது சரியா என்று கேட்டார். சரியல்ல என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10-ந் தேதி கடைகள் வழிவிட்டன.

பணக்கஷ்டம் மட்டும் விடவில்லை. 1949-ல் ஓவியர் ஜார்ஜியா ஓகீப் 101 கலைப்பொருள்களை நன்கொடையாகக் கொடுத்தார். பிற்காலத்தில் நெருக்கடி முற்றியபோது, 2012-ல் அதில் பாதி உரிமையை வேறொரு அருங்காட்சியகத்துக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

அக்டோபர் 6 இன்றும் பிஸ்க்கில் ஜூபிளி நாள். அன்று இன்றைய பாடகர் குழு, நாஷ்வில்லில் அடங்கியிருக்கும் பழைய பாடகர்களின் கல்லறைகளுக்குப் போய்ப் பாடுகிறது.